வலுவும் பங்கீடும்: 'எலீற்: டேஞ்சரஸ்' பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணினி விளையாட்டொன்றை விமர்சனத்துக்குரிய ஆக்கமாகக் கொள்ளலாமா என்ற வினா நம்மிடையே இன்னும் தயக்கத்துடனேயே எழுப்பப்படுகின்றது. நாவலும் திரைப்படமும் ஒரு காலத்தில் இதே தயக்கத்தைச் சந்தித்தவைதாம். ஆயினும் விளையாட்டை அணுகும் விமர்சகன் தன் பார்வையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. நாவலின் உள்ளடக்கத்தைக் கதைமாந்தரிடத்தே தேடுகின்றோம். விளையாட்டின் உள்ளடக்கமோ பெரும்பாலும் அதன் விதிகளில் உறைந்து கிடக்கின்றது. எது அரியது, எது மலிவானது, எதனைப் பெற எதனை இழக்க வேண்டும் என்பவற்றை விதிகளே தீர்மானிக்கின்றன. விண்கலப் பாவனை விளையாட்டான 'எலீற்: டேஞ்சரஸ்' இல், போருக்குச் செல்பவன் தன் கலத்தின் வலுவை எவ்வாறு பெருக்குகின்றான், எவ்வாறு பங்கிடுகின்றான் என்ற ஒரு விடயத்தை மாத்திரம் இங்கு எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் நிற்கும் புத்தளக் கரையிலிருந்து நோக்கும்போது இவ்விடயம் தனியொரு நிறம் பெறுகின்றது.

இதன் மூலப்படைப்பான 'எலீற்' 1984இல் பி.பி.சி. மைக்ரோ கணினிக்காக வெளிவந்தது. அதை ஆக்கிய டேவிட் பிறேபன், இயன் பெல் ஆகிய இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள். வீரன் 100 கிரெடிற் பணத்துடன் வாழ்வைத் தொடங்குவான். இராணுவ லேசரின் விலை 6000; மேலதிகச் சக்தி அலகின் விலை 1500. லேசர் சுடுவதும் கவசம் மீள்வதும் ஒரே சக்திக் களஞ்சியத்தையே உறிஞ்சின. எனவே பெரிய ஆயுதத்தை முதலில் வாங்கியவன், சுட்டுச் சுட்டே தன் கவசத்தை வறியதாக்கிக்கொண்டான். சிறியதொரு நினைவகத்துள் அடக்கப்பட்ட அப்படைப்பு, தாக்குதலும் தற்காப்பும் ஒரே பானையிலிருந்து உண்பவை என்பதை ஒரு சொல்லும் கூறாமலே உணர்த்திற்று.

2014 டிசம்பரில் புறொன்ரியர் நிறுவனம் வெளியிட்ட 'எலீற்: டேஞ்சரஸ்' இக்கருத்தை மேலும் விரித்தது. இங்கு வலு இரு கருவிகளின் பாற்பட்டது. ஒன்று மின்பிறப்பாக்கி: கலத்தின் உறுப்புகள் அனைத்தும் இயங்குவதற்கான மெகாவாட்டை அது தருகின்றது. மற்றையது பங்கீட்டுப் பொறி: கவசம், உந்துபொறி, படைக்கலம் என்ற மூன்றுக்குமுரிய கொள்ளளவிகளை அது நிரப்புகின்றது. வீரன் கையில் பங்கிடுவதற்கு 6 புள்ளிகளே உண்டு. ஒன்றுக்கு 4க்கு மேல் கொடுக்கவியலாது. பகைவன் சுடும்போது கவசத்துக்கு நான்கு, அவன் திரும்பும் கணத்தில் படைக்கலத்துக்கு நான்கு, தப்பியோடுங்கால் உந்துபொறிக்கு நான்கு என விரல்கள் ஓயாது இயங்கும். வீரனின் திறமை குறிபார்ப்பதில் உள்ளதைவிட இப்பங்கீட்டிலேயே உள்ளது. இவ்விளையாட்டின் மிகச் சிறந்த உருவகம் இதுவே என்பது என் கருத்து.

இதனை நன்கு காட்டுவது 'வல்ச்சர்' எனும் போர்க்கலம். இரு பெரும் பீரங்கிகளைத் தாங்கும் அச்சிறு கலத்தின் மின்பிறப்பாக்கி நான்காம் அளவினது. அதன் உயர்தர வகையும் தருவது 15.6 மெகாவாட்டே. (நுரைச்சோலையின் ஒரு பிறப்பாக்கியைக் கொண்டு இத்தகைய கலங்கள் பத்தொன்பதை ஓட்டலாம்!) நல்ல கவசமும் நல்ல பீரங்கிகளும் பூட்டியவுடன் வலு போதாமற் போகின்றது. 2016இல் வந்த 'பொறியியலாளர்கள்' என்ற விரிவாக்கம் இதற்கு வழி திறந்தது. மிகைவலு முறையில் திருத்தப்பட்ட மின்பிறப்பாக்கி ஐந்தாம் தரத்தில் 40 வீதம் கூடுதலாக உற்பத்தி செய்கின்றது; ஆனால் வெப்பம் மிகுகின்றது, அதன் உறுதி குன்றுகின்றது. கவசமிட்ட வகை உறுதியைப் பெருக்கி, வலுவைச் சிறிதளவே கூட்டுகின்றது. தாழ்வெப்ப வகை வலுவை இழந்து குளிர்ச்சியைப் பெறுகின்றது.

புதியவர் பலரும் மிகைவலுவையே ஐந்தாம் தரம்வரை தெரிவு செய்கின்றனர். ஆயின் உறுப்புகளின் தேவைக்கு மேல் எஞ்சிய மெகாவாட் போரில் எப்பயனும் தருவதில்லை. அது கொள்ளளவியை ஒரு நொடியேனும் விரைந்து நிரப்பாது. பீரங்கி தொடர்ந்து சுடுமா, அடிபட்ட கவசம் மீளுமா என்பவற்றைத் தீர்மானிப்பது பங்கீட்டுப் பொறியே. ஆதலின் அதனை விரைமின்னேற்ற முறையில் முதலில் திருத்துவதும், மின்பிறப்பாக்கியைத் தேவையான தரத்தோடு நிறுத்துவதும், தேவை குறைந்த கலத்தில் கவசமிட்ட வகையைக் கொள்வதுமே தக்க தெரிவு. வலுவைப் பெருக்குவது வேறு, அது உரிய வேளையில் உரிய இடத்தை அடைவது வேறு என்பதை விதிகள் இவ்விடத்திற் செம்மையாக நிறுவுகின்றன.

இவ்வேறுபாட்டை நாம் வாழ்விலும் கண்டுள்ளோம். கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011இல் முதற் பிறப்பாக்கியும், 2014இல் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கின. மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று தீண்டியதாகக் கூறப்பட்ட கோளாறினால் நாடே இருண்டது. அவ்வேளையில் உற்பத்திக்குக் குறைவிருக்கவில்லை, குலைந்தது சமநிலையே. நுரைச்சோலையின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றுபோக, அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேரச் சுழற்சி மின்வெட்டு வந்தது. மிகப் பெரிய பிறப்பாக்கியே மிக மெதுவாக மீண்டது.

விளையாட்டிலும் மின்வெட்டு உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் 1 முதல் 5 வரை முன்னுரிமை எண் இடலாம். வலு குறையும்போது 5ஆம் எண்ணினவை முதலில் அணையும். சரக்கறைக் கதவு அணையட்டும், உந்துபொறி அணையலாகாது என வீரன் முன்கூட்டியே விதிக்கின்றான். அறிவார்ந்த ஏற்பாடுதான். எனினும் இவ்விளையாட்டின் வரம்பும் இங்கேயே தொடங்குகின்றது. கலத்தில் அணைக்கப்படுவது கதவு, கதவு முறையிடுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, எழுத்துகளால் வகுக்கப்பட்ட வலயங்களுக்குள் மனிதர் இருந்தனர். வெப்பத்தின் கணக்கும் இத்தகையதே. மிகைவலுவின் வெப்பம் அதனைத் தெரிந்த வீரனையே சுடுகின்றது. அனல்மின் நிலையத்தின் வெப்பநீரைக் கடல் ஏற்கின்றது. அதன் சாம்பலையும் நிலக்கரித் தூசையும் பற்றி அயலிலுள்ள விவசாயிகளும் மீனவரும் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். வலுவின் செலவை அதனைப் பெறுபவனே செலுத்துகின்றான் என்ற இனிய கற்பனையின்மீதே விளையாட்டு கட்டப்பட்டுள்ளது.

விளையாட்டிடம் இத்துணை எதிர்பார்ப்பது நியாயமா எனச் சிலர் வினவலாம். சமூக வரலாற்றை அதனிடம் நான் கேட்கவில்லை. அது தானே எழுப்பிய பிரச்சினையைக் கைவிடாதிருக்கும்படியே கேட்கின்றேன். மூலப்படைப்பின் பொருள் பற்றாக்குறை. பொறியியலாளர் விரிவாக்கமோ பற்றாக்குறையை நீண்ட உழைப்பினால் நீக்கிவிடக்கூடிய தற்காலிகத் தடையாக்கிற்று. 2018 வரை அத்திருத்தங்களின் பலனே ஒருவகைச் சூதாட்டமாயிருந்தது. பின்னர் ஒவ்வொரு முயற்சியும் முன்னேற்றம் தருமென உறுதியாக்கப்பட்டது. வீரர்க்கு அது நன்மையே. ஆனால் கனிமம் பொறுக்குதலும் அலைதலுமான அவ்வுழைப்பில் சிந்தனைக்கு வேலை குறைவு. அதன் முடிவில் கிடைப்பது தெரிவினின்றும் விடுதலை. கற்பிட்டியில் படகுக்கு 25 குதிரைவலுவா 40ஆ என எண்ணுபவன் எண்ணெய்ச் செலவையும் உடன் எண்ணுகின்றான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, பெரிய இயந்திரம் உடையவனுக்கே சுமை பெரிதாயிற்று. அவனுடைய கணக்கு ஒருநாளும் முடிவதில்லை.

வல்ச்சரின் கணக்கோ முடிந்துவிடுகின்றது. மின்பிறப்பாக்கி ஐந்தாம் தரத்தை எட்டி 21.84 மெகாவாட் கிட்டியபின், முன்பு ஒவ்வொரு தசமமாக எண்ணிப் பூட்டிய உறுப்புகள் யாவும் ஒருங்கே ஒளிர்கின்றன. முன்னுரிமை எண்கள் எழுதப்பட்ட அந்தப் பட்டியலை அதன்பின் பலர் திறந்து பார்ப்பதேயில்லை.