புலனத்தில் தஞ்சைப் பெரிய கோயில்: பகிர்வுச் செய்தியின் நம்பகத்தன்மை

திறவுச்சொற்கள்: பெரிய கோயில், புலனம், பகிர்வுச் செய்தி, கல்வெட்டு, நம்பகத்தன்மை

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நெடுநாளாகச் சுற்றிவரும் செய்தி ஒன்று உண்டு. இலிங்கத்தின் உயரம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, அது மெய்யெழுத்து. விமானம் 216 அடி, அது உயிர்மெய். இலிங்கத்திற்கும் நந்திக்கும் இடைப்பட்ட தொலைவு 247 அடி, அது எழுத்துகளின் மொத்தம். இதனை ஒரு பனுவலாகக் கொண்டு, அது நம்பப்படும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

செய்தி திறம்பட அமைந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கப் பள்ளியில் எழுத்தெண்ணிக்கை பயின்ற எவரும் பன்னிரண்டையும் பதினெட்டையும் கண்டதுமே அடுத்த எண்ணைத் தாமே சொல்லிவிடுவர். ஆய்தத்தைச் சேர்த்துக் கூட்டினால் 247 வருகிறது. கூட்டல் சரியாக இருப்பதால் செய்தியையே சரிபார்த்துவிட்டதாக வாசகர் உணர்கிறார். சரிபார்க்கப்பட்டது கணக்கு மட்டுமே, கோயில் அன்று.

அடி என்னும் அளவு சோழர் காலத்திலும் வழங்கியது. நிலமளக்கும் கோலை அடியால் குறிக்கும் கல்வெட்டுகள் உள்ளன. எனினும் இச்செய்தி கருதும் அடி 12 அங்குலம் கொண்ட ஆங்கிலேய அடி. பெரிய கோயிற் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் குறிக்கின்றன. எழுத்துக் கணக்கும் அவ்வாறே: தொல்காப்பியம் எழுத்தை முப்பது என வகுத்து, சார்ந்துவரும் மூன்றைத் தனியே கூறுகிறது. 247 என்பது பிற்காலப் பள்ளிக்கணக்கு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் உடன்பிறந்த செய்திக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. மாலையில் திருச்சுற்றில் எடுக்கப்படும் படங்களே போதும். அப்படங்களும் அதே குழுவில்தான் பகிரப்படுகின்றன.

ஆகவே சிக்கல் சான்றின்மை அன்று. செய்தியை இயற்றியவர் எவரெனத் தெரியாது. அனுப்பியவரோ சிற்றப்பா, பள்ளித்தோழர், ஓய்வுபெற்ற ஆசிரியர். நம்பிக்கை அனுப்பியவர் மீது வைக்கப்பட்டுச் செய்திக்கு மாற்றப்படுகிறது. மறுப்பதென்றால் பெரியவரை மறுப்பதாகிவிடும். தலபுராணங்களிலும் வியப்புக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றிற் பலவற்றுக்கு ஆசிரியர் பெயர் உண்டு, அவையில் அரங்கேற்றமும் உண்டு. அங்கே தடை எழுப்புவது அவமதிப்பாகக் கருதப்படவில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இல் பகிரப்பட்ட செய்திகளுக்கு அடையாளக் குறி இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதவாறு வரம்பும் விதித்தது. 2020-இல் மிகுதியாகப் பகிரப்பட்டவற்றுக்கு அவ்வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. இவை வேகத்தைக் குறைக்கலாம். சொன்னவர் யார் என்ற கேள்வியை எழுப்புவதில்லை.

அக்கேள்விக்கே விடையாக எழுதப்பட்டவை கோயிலின் கல்வெட்டுகள். கொடுத்தவர் யார், எவ்வளவு, எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என அவை வரிசைப்படுத்துகின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தனர், எத்தெருவில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பன யாவும் அதில் உள. விளக்கெரிக்க ஆடு பெற்ற இடையர்களும், குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனும் பெயரோடு நிற்கின்றனர். புலனச் செய்தி தமிழனின் பெருமையைப் பேசுகிறது. ஆனால் இவர்களுள் ஒருவரையும் குறிப்பிடவில்லை. இதுவே அதன் பெருங்குறை. எண் பிழையை அதற்கு அடுத்ததாகவே கொள்ளலாம்.

உல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்று அது அதே கைப்பேசியில் திறக்கக் கூடியது. ஆயினும் கிரந்தம் கலந்த அந்நடை பொது வாசகருக்கு எளிதன்று. தளிச்சேரிப் பட்டியலைப் பத்து வரியில், மூலக் குறிப்போடு, குழுவில் அனுப்பத்தக்க உரைநடையாகத் தரும் முயற்சிகள் ஆய்வுலகிலிருந்து அரிதாகவே வருகின்றன.