பரிந்துரையும் திறனாய்வும்: ‘ராஷோமோன்’, ‘டோக்கியோ ஸ்டோரி’ திரைப்படங்களை முன்வைத்து

பிறமொழித் திரைப்படத்தைக் கண்டடைந்து பரிந்துரைத்தல் தனிமனித விருப்பமாகவே கருதப்படுகிறது. அது திறனாய்வுச் செயலும் ஆகும் என்பதை ஜப்பானியத் திரைப்பட வரலாறு காட்டுகிறது. அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) வெனிஸ் திரைப்பட விழாவிற்குச் செல்லக் காரணமானவர், இத்தாலியத் திரைப்பட நிறுவனமொன்றின் ஜப்பானியச் சார்பாளரான ஜூலியானா ஸ்திராமிஜோலி. தயாரிப்பு நிறுவனமான தாயேய் தயங்கியபோதும் அவர் அப்படத்தையே பரிந்துரைத்தார். 1951இல் அது தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது.

ஆயின், வரலாற்றுக் காலப் படங்களுக்குக் கிடைத்த இவ்வரவேற்பு சமகாலக் குடும்பக் கதைகளுக்கு உடனே வாய்க்கவில்லை. யசுஜிரோ ஓசுவின் படங்கள் அயலார்க்கு விளங்கா என்ற கருத்து ஜப்பானியத் திரைத்துறையினரிடமே நிலவியது. அவரது ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953), 1958இல் லண்டனில் விருது பெற்றும் நியூயார்க் திரையரங்கிற்கு 1972இல்தான் வந்தது. ஓசு 1963இலேயே மறைந்திருந்தார். பிள்ளைகளைக் காணவரும் முதிய பெற்றோருடன் இருக்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதே கதை. இஃது எந்நாட்டார்க்கும் புதிதன்று. தடையாக நின்றது படத்தின் அயன்மையன்று. பார்வையாளரைப் பற்றிய முன்கணிப்பே. எனவே ‘சிறந்த படங்கள்’ எனும் பட்டியல்களை ஆராய்வோர், இடம்பெற்றவற்றின் தகுதியோடு விடுபட்டவற்றின் காரணங்களையும் வினவுதல் வேண்டும்.