தெருச் சமாசாரமும் குக்குறுவானும்

மந்தைவெளிச் சந்துகளில் காலை வேளையில் பரிமாறப்படும் சமாசாரங்களில், குழாயில் தண்ணீர் வந்ததா, கோடி வீட்டுப் பெண்ணுக்கு வரன் நிச்சயமாயிற்றா என்பவற்றோடு சரிசமமாக, "முருங்கையிலே குக்குறுவான் பொந்து குடைய ஆரம்பிச்சாச்சு, மாமி" என்கிற செய்தியும் மதிற்சுவரைத் தாண்டிப் போவதைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பைத் தீட்டிக்கொண்டு, கன்னான் செம்புக்குடம் தட்டுவதைப் போல டொக், டொக் என்று ஒரே தாளத்தில் கூவிக்கொண்டே தலையை இப்படியும் அப்படியுமாகத் திருப்புவதால், சப்தம் வேம்பிலிருந்து வருகிறதா, எதிர்வீட்டுப் புங்கையிலிருந்து வருகிறதா என்று நிர்ணயிக்க முடியாமல் நாம் திகைத்து நிற்க, மொட்டைமாடிக் கொடியில் புடவை உலர்த்துகிற அம்மாளோ, முகத்தை நிமிர்த்தாமலே, "அதோ, அந்தப் பட்ட கிளை நுனியிலே பாருங்கோ" என்று சொல்லிவிடுவாள்.

தூரதிருஷ்டிக் கண்ணாடியும் சித்திரப் புத்தகமுமாய் வருகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில், வட்டம் பிசகாமல், அலகினாலேயே வாயில் குடைகிற அந்தச் சிரத்தையை, மிக்ஸி சத்தத்துக்கும் ஆட்டோ இரைச்சலுக்கும் நடுவே நாள்தோறும் கவனித்து, மரத்தூள் உதிர்ந்ததையும், பின்னொரு நாள் குஞ்சின் அலகு வெளியே எட்டிப்பார்த்ததையும் அண்டை வீட்டாருக்கு ஒழுங்காக அறிவிக்கும் பொறுமையும் ஒரு வித்தைதான். கொஞ்சம் கற்பனையும் அதிலே கலப்பது உண்டு. வம்பு என்றால் அவ்வளவுகூட இல்லாமலா? மாடி வீட்டில் இரண்டாக இருந்த குஞ்சுகள் தெருக்கோடிக்குப் போவதற்குள் நான்காகிவிடும்.