நாடக இசைத்தட்டு எண்கள்

தமிழ் நாடகப் பாடல்களின் பழைய இசைத்தட்டுகளில் இருவகை எண்கள் உண்டு. நடுவே ஒட்டப்பட்ட காகித லேபிளில் அச்சிடப்பட்டிருப்பது விற்பனை எண். அதை ஒட்டி, அரக்குப் பரப்பிலேயே பொறிக்கப்பட்டிருப்பது மாட்ரிக்ஸ் எண். முன்னது கடைக்காரருக்கானது. பின்னது ஒலிப்பதிவின்போது அந்தப் பாட்டுக்கு இடப்பட்டது. ஒரே பதிவு மறுவெளியீட்டில் வேறு விற்பனை எண் பெறலாம். மாட்ரிக்ஸ் எண் பெரும்பாலும் மாறாது. ஒரே பாட்டை இரண்டுமுறை பாடிப் பதிந்திருந்தால் அதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். தமிழில் வெளிவரும் பட்டியல்கள் பாட்டின் முதலடியையும் பாடியவர் பெயரையும் தந்து, மிஞ்சினால் விற்பனை எண்ணைச் சேர்த்து நின்றுவிடுகின்றன. இது பெருங்குறை.

ஐரோப்பிய ஆபரா ரசிகர்கள் இந்த எண்களை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தனர். கிராமபோன் கம்பெனி தன் தொடக்ககாலத் தட்டுகளுக்கு மொழியையும் குரலையும் வைத்து எண் கொடுத்தது. இத்தாலிய ஆண்குரலுக்கு 52000 வரிசை, பெண்குரலுக்கு 53000. 1902-ல் மிலானில் பாடிய என்ரிகோ கரூஸோவின் தட்டுகள் முதல் வரிசையில் வந்தன. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜானுக்குக் கிடைத்தது 13000 வரிசை. இத்தாலிக்குத் தனி எண், கீழைநாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே கட்டு. வங்காளமும் தமிழும் அந்த மூட்டைக்குள்தான்.

நாடக இசையில் இதனால் நேரும் இழப்புக்கு எஸ்.ஜி.கிட்டப்பாவே உதாரணம். 1906-ல் செங்கோட்டையில் பிறந்து 1933-ல், 27 வயதில் மறைந்தவர். அவர் மேடையில் நிகழ்த்தியவற்றில் நமக்கு எஞ்சியது பக்கத்துக்கு மூன்று நிமிடமே ஓடும் தட்டுகள் மட்டுமே. அவர் புகழே உச்சஸ்தாயிக் குரலில் இருக்கிறது. ஆனால் அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. ஆறு சதவீதம் வேகமாகச் சுழற்றினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், தாளமும் விரையும். இன்று இணையத்தில் கேட்கும் கிட்டப்பாவின் சுருதி அவருடையதா, மாற்றிப் பதிந்தவரின் இயந்திரத்துடையதா? மாட்ரிக்ஸ் எண் அடுத்தடுத்து வரும் பதிவுகள் பெரும்பாலும் ஒரே அமர்வைச் சேர்ந்தவை. அவற்றை ஒப்பிட்டால் வேகத்தை ஓரளவு கணிக்கலாம். எண் இல்லாத ஒலிக்கோப்பில் அதற்கு வழியே இல்லை. அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்ற வாதங்களில் பலவும் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் இன்றைய சர்வதேச ஒலிப்பதிவு எண் இதைத் தீர்த்துவிடும் என்பவர்கள் உண்டு. பன்னிரண்டு எழுத்து-எண்கள் கொண்ட அக்குறியீட்டில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் உண்டு. அது எண் வழங்கிய ஆண்டு, பாடிய ஆண்டு அல்ல. 1930-ல் பாடியதற்கு 2015-ல் எண் பெற்றால் அதில் 15 என்றே இருக்கும். இரைச்சல் நீக்கிப் புதுப்பித்த வடிவத்துக்கு இன்னொரு எண்ணும் வரக்கூடும். உரிமைத்தொகை கணக்கிட அது போதும், வரலாற்றுக்குப் போதாது.

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பழைய வீட்டு மச்சிலிருந்து நாடகத் தட்டு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடற்காற்றின் ஈரத்தில் லேபிள் உரிந்து போயிருக்கும். பாடியவர் பெயர், பாட்டு, விற்பனை எண் மூன்றும் அதோடு போயின. அரக்கில் பொறித்த எண் மட்டும் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம்.