1,500 சுற்றில் காணாமல் போகும் கம்பி

என் லாரி டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் மட்டும் நான் கேட்கும் பாட்டிலிருந்து பேஸ் கிட்டாரின் ஒரு கம்பி காணாமல் போய்விடுகிறது. படுக்கைக்கு அடியில் நானே கணக்குப் போட்டுக் கட்டவைத்த சப்வூஃபர் பெட்டியோடு ஆறு வாரமாக நாமக்கல்லுக்கும் கொச்சிக்கும் போய் வருகிறேன். பெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கம்பிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

கடையில் ரெடிமேட் பெட்டிகள் கிடைக்கின்றன. அட்டைமேல் 1,500 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு நொடிகூட நிற்காத உச்சத் திறனை அப்படி எழுதி விற்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தொடர்ந்து தாங்கும் திறன், அதாவது ஆர்.எம்.எஸ்., எவ்வளவு என்று கேட்டால் பாதிக் கடைகளில் பதில் கிடையாது. நான் வாங்கிய 10 இஞ்ச் ஸ்பீக்கர் 200 வாட் ஆர்.எம்.எஸ். லாரி கேபினுக்கு அது தாராளம்.

வாட்டைவிட முக்கியமான மூன்று எண்கள் ஸ்பீக்கரோடு வந்த தாளில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் ஆரம்பித்து, பிறகு ரிச்சர்ட் ஸ்மால் விரித்துச் சொன்ன கணக்கின் எண்கள் அவை. என் ஸ்பீக்கருக்கு எஃப்.எஸ்., அதாவது ஒத்ததிர்வு, 30 ஹெர்ட்ஸ்; க்யூ.டி.எஸ்., அதாவது அந்த அதிர்வு அடங்காமல் நீளும் அளவு, 0.5; வி.ஏ.எஸ். 28 லிட்டர். 28 லிட்டர் காற்றை ஒரு பெட்டியில் அடைத்தால், அந்தக் காற்றின் விறைப்பும் கோனைத் தாங்கும் அமைப்பின் விறைப்பும் சமம் என்பது கடைசி எண்ணின் பொருள். அப்படி அடைத்தால் ஸ்பிரிங் இரட்டிப்பாகும், ஒத்ததிர்வு 1.41 மடங்கு ஏறி 42 ஹெர்ட்ஸில் நிற்கும், க்யூ 0.7-க்கு வரும். மூடிய பெட்டியில் பேஸ் வீங்காமலும் வற்றாமலும் கேட்பது அந்த 0.7-ல்தான். அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கலாம் என்று 1954-ல் ஸ்பீக்கர் செய்து காட்டியவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். பெட்டியில் பலகைக்கு எவ்வளவு வேலை உண்டோ அவ்வளவு வேலை காற்றுக்கும் உண்டு.

படுக்கைக்கு அடியில் டேப் வைத்தேன். உயரம் 30 சென்டிமீட்டர். பெட்டியின் உள்ளளவு 60-க்கு 25-க்கு 20 என்று வைத்தால் 30 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் குறுக்குச் சட்டமும் 2 லிட்டரை விழுங்கும். மிச்சம் சரியாக 28.

பாடி கட்டும் பட்டறை ஆசாரி அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "ஓட்டை வெச்சாத்தான் தம்பி குத்து நல்லா விழும்" என்றார். போர்ட் வைத்த பெட்டி அதே ஆம்பில் கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும். போர்ட் குழாயின் சுதிக்குக் கீழே போனால் கோனுக்குக் காற்றின் பிடி விட்டுப்போய் எக்கச்சக்கமாக ஆடும். லாரி கேபினோ சின்ன அறை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேபினே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியில் கீழே போகப் போக எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவையும் கேபின் ஈடுகட்டிவிடும். இதைச் சொன்னபோது அண்ணன் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பலகைக்கு எம்.டி.எஃப். வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். கார் டிக்கிக்கு அது நல்ல பலகை. பாலக்காட்டு மழையில் நனைந்த செருப்போடு ஏறி இறங்கும் லாரிக்கு ஆகாது, ஓரம் ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வாங்கினேன். மூட்டுக்கு மூட்டு பசை, ஒரு சாணுக்கு ஒரு ஸ்க்ரூ, உள்ளே எல்லா ஓரத்திலும் சிலிகோன். சிலிகோன் காயும்போது வரும் புளித்த ஆவி கோனின் ஓர ரப்பருக்கு நல்லதல்ல. ஒரு முழு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஸ்பீக்கரை மாட்டினோம்.

அப்படியும் முதல் நாள் பேஸ் தொளதொளவென்று இருந்தது. 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டினேன். பலகை மூட்டுகளில் புகை நேராக எழுந்தது. வயர் மாட்டும் டெர்மினல் கிண்ணத்துக்கு வந்ததும் துடித்தது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நகக்கீறல் அளவு சந்து. அதை அடைத்த பிறகு கோனை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உடனே துள்ளாமல் நிதானமாக எழுந்து வந்தது. பெட்டி கட்டுகிற எவரும் ஆம்புக்குக் காசு எண்ணும் முன் ஊதுபத்திக்கு இரண்டு ரூபாய் செலவழிக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. லாரியில் இருப்பது 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக. ஆம்புக்குத் தேவை 12. சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்கள். அந்த பேட்டரி வற்றிக்கொண்டே போக, ஆல்டர்னேட்டர் மற்றதைக் கொதிக்க வைத்தது. கடைசியில் இரண்டையும் மாற்றினேன். இந்த முறை 30 ஆம்பியர் கன்வெர்ட்டர், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பெட்டி என்ன தருகிறது? கொச்சி போகும் வழியில் குதிரான் சுரங்கப் பாதையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் முதல் தடவை முழுசாகப் புரிந்தது. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைச் சிறு வயதிலிருந்து கேட்கிறேன். சசிதரன் வாசித்த பேஸ் கிட்டாரை ஒரு உறுமலாகத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். இப்போது அது பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளாக நடந்து வருகிறது. சரணத்தில் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது, எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். என் பெட்டி 42-ல் நிற்கிறது. சத்தம் கூட்டவே வேண்டியதில்லை, பின்னால் வருகிறவர் அடிக்கும் ஹாரன் தெளிவாகக் கேட்கும் அளவிலேயே இதெல்லாம் கிடைக்கிறது.

இனி அந்தக் கம்பி. கிட்டாரில் தடித்ததிலிருந்து எண்ணினால் மூன்றாவது, 73 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை வெடிக்கும். 1,500 சுற்றில் நொடிக்கு 75 வெடிப்பு. பாட்டின் கம்பியும் என் எஞ்சினும் ஏறக்குறைய ஒரே சுதியில் நிற்கின்றன, எஞ்சினுக்குத் தொண்டை பெரிது. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், மற்ற கம்பிகள்தான் இரைந்தன. எஞ்சின் மூடிமேல் தடித்த ரப்பர் பாய் போட்டேன். மேல்சத்தம் நன்றாகக் குறைந்தது, காதுக்கு இதம். 75 ஹெர்ட்ஸ் மட்டும் பாயைச் சட்டையே செய்யவில்லை. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பாயால் மறிக்க முடியாது. இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கலாமா என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன்.

நான்காவது வாரம், முன்னால் போன டேங்கரை முந்த வழியில்லாமல் வெகுதூரம் அதன் பின்னாலேயே 52-ல் போனேன். முள் 1,300-ல் நின்றது. எஞ்சின் 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 55-ல் இருக்கும் இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. மூன்றாவது கம்பி எழும்பி வந்தது. முழுசாக அல்ல, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தால் கேட்கிற மாதிரி அல்ல. ஆனாலும் நடை விட்டுப் போகாமல் கேட்டது. டேங்கர் இடது பக்கம் திரும்பிப் போன பிறகும் நான் 60-க்கு ஏற்றவில்லை.

பெட்டியில் மாற்ற எதுவும் இல்லை. மறுபடி கட்டினாலும் இதே 28 லிட்டர்தான், இதே பலகைதான். இரண்டாவது ஸ்பீக்கருக்கு எடுத்து வைத்த பணத்தை டீசலுக்குப் போட்டுவிட்டேன். அவசர லோடு இல்லாத நாளில் 1,300-ல் ஓட்டுகிறேன், வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறேன்.