ஐஸ் பெட்டி வீடியோவில் விட்டுப்போன வரி

கிரவுட்ஃபண்டிங் வீடியோ எப்படி எடுப்பது என்று சொல்லித்தரும் குறிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டுதான். மூணு நிமிஷத்தைத் தாண்டாதே, முதல் சில விநாடியிலேயே ஆளைப் பிடி, கேமராவைப் பார்த்துப் பேசு, பொருள் வேலை செய்வதைக் காட்டு. தப்பே இல்லை. ஆனா இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த ஒரு வீடியோவைத் திரும்பப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அமெரிக்காவின் 'கூலஸ்ட் கூலர்', கிக்ஸ்டார்ட்டர், 2014.

ரயன் கிரெப்பர் என்பவர் செய்த ஐஸ் பெட்டி அது. உள்ளேயே மிக்ஸி, புளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜர், பாட்டில் திறப்பான். 2013 கடைசியில் 1,25,000 டாலர் கேட்டார், இலக்கைத் தொடவில்லை. மறுவருஷம் ஜூலையில், அவர்கள் ஊர் வெயில் காலத்தில், 50,000 மட்டும் கேட்டார். 62,642 பேர் சேர்ந்து 1.32 கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டார்கள்.

நான் கவனித்தது வீடியோவின் இலக்கணத்தை. எல்லாமே நிகழ்காலம். இது அரைக்கிறது, இது பாடுகிறது, இது சார்ஜ் ஏற்றுகிறது. கடை விளம்பரம் பேசுகிற மொழி இது. தாங்கள் கடை இல்லை என்று கிக்ஸ்டார்ட்டரே 2012இல் அறிவித்து, கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பொருள் மாதிரி காட்டக்கூடாது என்று தடையும் போட்டிருந்தது. கிரெப்பர் காட்டியது நிஜ மாதிரிதான். ஆனா ஒரு மாதிரியைச் செய்வது வேறு, அறுபதாயிரம் பெட்டியை ஆலையில் வார்த்து வீடு வீடாக அனுப்புவது வேறு. 'இதை இன்னும் தயாரிக்கவில்லை, முடியாமலும் போகலாம்' என்ற வரிக்கு அந்தத் தொனியில் இடமே கிடையாது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். பணம் போட்டவர்களில் பலர் காத்திருக்கும்போதே பெட்டி அமேசானில் விற்பனைக்கு வந்தது. 2016இல், சீக்கிரம் வேணும்னா இன்னும் 97 டாலர் கொடுங்கள் என்றார்கள். 2019 டிசம்பரில் நிறுவனத்தை மூடியபோது சுமார் இருபதாயிரம் பேருக்குப் பெட்டி வந்திருக்கவில்லை.

இதற்கு நேரெதிர், 2012இல் டிம் ஷேஃபர் தன் வீடியோ கேமுக்காக எடுத்த வீடியோ. அவரிடம் காட்டப் பொருளே இல்லை, கேமுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கேம் உருவாவதை முழுக்கப் படம் பிடிப்போம், சொதப்பினாலும் கேமரா முன்னால்தான் சொதப்புவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாலு லட்சம் டாலர் கேட்டவருக்கு 33 லட்சம் வந்தது. அதுவும் போதவில்லை. கேமை இரண்டாகப் பிரித்து 2014, 2015 என்று வெளியிட்டார்கள். அந்தத் திண்டாட்டமும் சொன்னபடியே ஆவணப்படத்தில் இருக்கிறது. எரிச்சல்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஏமாற்றினார் என்று சொல்ல வழியில்லை, முதல் நாளே சொல்லிவிட்டாரே.

ஷேஃபர் ஏற்கனவே பேர் வாங்கியவர், அவருக்கு அந்தச் சிரிப்பு செல்லும், புது ஆள் இப்படிப் பேசினால் யார் காசு போடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரெப்பருக்கும் அவ்வளவு வந்திருக்காதுதான். ஆனா அவர் கேட்டதே 50,000 டாலர்தான். அந்தக் காசுக்குச் சில நூறு பெட்டிகள் செய்யவேண்டியிருந்திருக்கும். அதைச் செய்து கொடுத்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன்.