லோஜ்பானில் முன்னும் பின்னும்

லோஜ்பான் என்ற செயற்கை மொழியில் அளவுச்சொற்களின் வீச்சை அவை வரும் வரிசையே தீர்மானிக்கிறது. 'ரோ' என்றால் எல்லாம்; 'ப்ராமி' என்றால் நேசித்தல், அதன் முன் 'செ' வந்தால் நேசிக்கப்படுதல். டா, டே, டி மூன்றும் தர்க்க மாறிகள். 'ரோ டா ப்ராமி டே' என்றால் ஒவ்வொன்றும் எதையாவது நேசிக்கிறது; நேசிக்கப்படுவது ஒவ்வொன்றுக்கும் வேறாகலாம். 'டே செ ப்ராமி ரோ டா' என்று திருப்பினால், எல்லாவற்றாலும் நேசிக்கப்படும் ஒன்றாவது உண்டு. சிறு இடமாற்றத்தில் இத்தனை துல்லியம் கிடைப்பதுதான் இம்மொழியின் பேரழகு. மாறிகளை முதலிலேயே அறிவித்து, 'ஸோஹு' இட்டு வாக்கியத்தைத் தொடரவும் வழியுண்டு.

சுட்டுப்பெயர்களிலும் இதே அக்கறை. 'ரி' சற்றுமுன் முடிந்த பெயர்த்தொடரைச் சுட்டும். நீண்ட பேச்சுக்கு அது போதாது. அங்கே 'கோஹா' என்ற சுட்டுப்பெயர் உதவும். 'கோய்' என்ற சொல்லால் ஒருவரோடு பிணைத்துவிட்டால், மறுபடி மாற்றும்வரை அது அவரையே குறிக்கும்.